உப்புக்குதிரைக்கு ஓர் உம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்கக் கூடாது. பந்தியில் பாயசம் எப்போது வரும் என்று தெரிந்தவர்கள்தானே நீங்கள்.

முதலில் கொஞ்சம் பாகற்காய்.

“என் புத்தகத்துக்கு ஒரு குரல் வேணும், டீச்சர். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல்.”

சொன்னவர் பெயர் மாசிலாமணி. புத்தக அட்டையில் வேங்கைமார்பன். ஆளைப் பார்த்தால் வேங்கையும் நினைவுக்கு வராது, மார்பும் நினைவுக்கு வராது. நாற்பது வயது. தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் அவரே எழுதிய மூன்று புத்தகங்கள்.

கேட்டுக்கொண்டிருந்தவள் பூங்காவனம். அவரைவிட ரொம்பவே இளையவள். ஊசிப்பாறை மலையில், பஸ் திரும்புகிற வளைவுக்கு மேலே, தகரக் கூரை வீடு.

அவளுக்குத் தொழில் குரல். கீழே சமவெளியில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எந்தத் தெருவில் போனாலும் உள்ளிருந்து பேசுவது அவள்தான். பழைய இரும்பு எடுக்கிற அண்ணாச்சி அவள். கோலப்பொடி விற்கிற அக்கா அவள். மூலம், பவுத்திரம் தீர்க்கிற வைத்தியரும் அவளேதான்.

அவள் வாயைத் திறந்தால் எதுவும் விற்றுவிடும் என்று ஒரு பேச்சு. அதனால் விற்காததை எல்லாம் தூக்கிக்கொண்டு ஆட்கள் மலையேறி வந்தார்கள். சிலர் டீச்சர் என்றார்கள், சிலர் குரு என்றார்கள். அவள் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

“தயவுசெய்து கவனிக்கவும்,” என்றாள் பூங்காவனம், ரயில் நிலையத்து அறிவிப்பாக. “தாங்கள் கொண்டுவந்திருப்பது என்ன புத்தகம்?”

மாசிலாமணி விளக்கினார். பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற மாயக்கதைத் தொடர். பெயர் உப்புக்குதிரை. அதை விற்க அவர் செய்யாதது இல்லை. புத்தகக் காட்சி வாசலில் குதிரை முகமூடி மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு குழந்தை பார்த்துவிட்டு அலறியதுதான் மிச்சம். குதிரையின் பெயரில் முகநூல் கணக்கு தொடங்கியிருக்கிறார். குதிரைக்குப் பிறந்தநாள் வந்தபோது வாழ்த்துச் சொன்னது ஒரே ஆள். அதுவும் அவர்தான்.

“நாலாம் பாகம்?”

“விரைவில்.”

“எழுதியாச்சா சார்?”

“போஸ்டர் ரெடி.”

“விரைவில்,” என்றாள் அவள்.

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசலாக அவருடைய குரல். அதில் இருந்த பொய்கூட அப்படியே இருந்தது.

“இத்தனை குரல்ல உங்க சொந்தக் குரல் எது டீச்சர்?”

“அதுக்கு ஆர்டர் வரல சார்.” இது தலைமையாசிரியர் குரல். “உங்களுக்கு எத்தனை பேர் படிக்கணும்? ஆயிரமா, லட்சமா?”

மாசிலாமணி வாயைத் திறந்தார். லட்சம் என்று சொல்லத்தான் வந்தார். ஏனோ தரையைப் பார்த்தார்.

“ஒருத்தர் டீச்சர். ஒரே ஒருத்தர். வழியில நிறுத்தி, அப்புறம் என்னாச்சுன்னு கேட்கணும். மூணு பாகம் எழுதிட்டேன். எவரும் அப்புறம்னு கேட்கல. எம் பொண்ணு பத்தாவது படிக்கிறா. டைம் கிடைச்சா பார்க்கறேன்ப்பான்னுட்டா.”

பூங்காவனம் யார் குரலிலும் பதில் சொல்லவில்லை. புத்தகங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். காலண்டரில் சந்தை நாளைத் தொட்டு, வாருங்கள் என்று கையைக் காட்டினாள்.

சந்தை நாளும் வந்தது, மாசிலாமணியும் வந்தார்.

“உங்களுக்கு ஒரு வாசகி இருக்கா சார்,” என்றாள் பூங்காவனம்.

“எங்க?”

கூடத்தின் ஓரத்தில் ஒரு அறை. கதவு சாத்தியிருந்தது.

சித்தப்பா மகளாம். மூன்று பாகத்தையும் மூச்சுவிடாமல் படித்துவிட்டாளாம். பொல்லாத வெட்கமாம்; ஆள் முகத்தைப் பார்த்தால் வாயே திறக்க மாட்டாளாம். பேச வேண்டுமென்றால் கதவுக்கு இந்தப் பக்கமே உட்கார வேண்டும், தள்ளிப் பார்க்கக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, பால் வாங்கி வருகிறேன் என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அந்த அறைக்குப் பின்பக்கமும் ஒரு வாசல் உண்டு. மாசிலாமணி அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்துவிட்டீர்கள். வாயை மூடிக்கொண்டிருங்கள்.

கதவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒரு குரல். சின்னக் குரல். வெளியே வந்து ரொம்ப நாளானதுபோல் கொஞ்சம் துருப்பிடித்த குரல்.

“உப்புக்குதிரை மழைக்குள்ள போச்சே அங்கிள். அப்புறம்?”

மாசிலாமணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் பாகம் முடிகிற இடம் அது. நங்கை என்ற பெண் மழைநாட்டில் மாட்டிக்கொள்கிறாள். அவளை மீட்க ஒரே வழி அவளுடைய குதிரை. குதிரையோ உப்பால் ஆனது, ஒரு துளி பட்டாலும் கரையும். அது கொட்டுகிற மழைக்குள் காலை எடுத்து வைக்கிறது. அங்கே ‘தொடரும்’ போட்டிருந்தார்.

அப்புறம் என்ன என்று அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே வந்ததில்லை.

“அது நாலாம் பாகத்துல வரும்மா. விரை…”

“அந்த வார்த்தை மட்டும் வேணாம் அங்கிள்.”

“நாளைக்குச் சொல்றேன்,” என்றார் மாசிலாமணி.

“உன் பேரு?” என்று அவரே கேட்டார்.

“நீங்க சொல்லச் சொல்ல நான் உம் கொட்டுவேன். உம்னே கூப்பிடுங்க.”

வளைவில் இருந்த டீக்கடை மாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். எழுதினார். காலையில் வந்து கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு, எழுதியதைப் படித்தார்.

“உம்,” என்றது கதவு.

நங்கை ஆற்றங்கரைக்கு வந்தாள். உம். ஆற்றில் தண்ணீருக்குப் பதில், கரைக்கு வருகிறவர்களின் பழைய பெயர்கள் ஓடின. உம், உம். அப்போது அவள் வாளை உயர்த்தி, விதியை வெல்லப் பிறந்தவள் நான் என்று முழங்கினாள்.

உம் வரவில்லை.

மாசிலாமணி கதவைப் பார்த்தார். கதவு அவரைப் பார்த்தது. அந்த வரியைத்தான் போஸ்டரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். பேனாவை எடுத்து அடித்தார்.

“நங்கைக்குப் பயமா இருந்துச்சு,” என்று படித்தார்.

“உம்,” என்றது கதவு, மெதுவாக.

நாட்கள் அப்படியே போயின. சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்கள். சாம்பாரே இன்னும் முடியவில்லை.

வாசகிக்கு என்று மாசிலாமணி கடலைமிட்டாய் வாங்கி வந்து கதவோரம் வைப்பார். அடுத்த நாள் காகிதம் மட்டும் இருக்கும். ஒருமுறை பூங்காவனத்தின் வாயோரத்தில் ஒரு கடலைத் துணுக்கைப் பார்த்தார். பாவம், தங்கச்சியிடம் பங்கு கேட்டு வாங்கித் தின்றிருக்கிறாள் என்று நினைத்தார். மறுநாள் இரண்டு மிட்டாய் வாங்கினார்.

இன்னொரு நாள் பால்காரர் மாரப்பன் வாசலில் நின்று அவர் படிப்பதை வேடிக்கை பார்த்தார்.

“யாருகிட்டங்க பேசிட்டிருக்கீங்க? அந்த ரூம்புல வெறகுதானுங்களே கெடக்குது.”

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் வருகிற பால்காரருக்குக்கூடத் தெரியாமல் ஒரு பெண் இந்த வீட்டில் இருந்திருக்கிறாள். எவ்வளவு வெட்கம் இருந்தால் அது முடியும். அவளுக்காகவே அன்றைக்கு நங்கையைக் கொஞ்சம் சத்தமாகப் பேசவிட்டார்.

ஏங்குகிறவன் காதில் எதைப் போட்டாலும் இனிக்கும். என்ன செய்ய.

பூங்காவனமும் அவ்வப்போது கேட்பாள், செய்தி வாசிக்கிறவர் குரலில், வைத்தியர் குரலில், யார் குரலிலாவது: விளம்பரம் எப்போது பதிவு செய்யலாம் சார்? அவர் அப்புறம் பார்க்கலாம் என்பார். போஸ்டரைச் சுருட்டி வைத்த இடம்கூட மறந்துபோயிருந்தது. குதிரையின் முகநூல் கணக்கு பட்டினி கிடந்தது.

கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். அப்போதுதான் பதிப்பாளர் போன் செய்தார்.

கடைசி அத்தியாயத்தை ஒரு ஈ காக்காய்க்கும் காட்டக் கூடாது என்றார் பதிப்பாளர். குதிரை திரும்பியதா, கரைந்ததா? இந்த ஒரு கேள்வியை ஊரெல்லாம் ஒட்டுவோம், விடை புத்தகத்துக்குள் இருக்கட்டும், அள்ளிவிடலாம் என்றார்.

பழைய காய்ச்சல். ஒரு போனில் ஏறிவிட்டது.

பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்தார். உட்காரவில்லை.

“மிச்சத்தைப் புத்தகத்துல படிச்சுக்கோம்மா. முதல் பிரதி உனக்குத்தான்.”

“குதிரை என்னாச்சு அங்கிள்?”

“சொல்லிட்டா சுவாரசியம் போயிடுமே.”

“புத்தகம் எப்ப வரும்?”

“விரைவில்.”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே கேட்டது. கதவிலிருந்து உம் வரவில்லை. உம் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கீழே பஸ் ஹாரன் அடித்தது.

சமையல்கட்டில் பூங்காவனம் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். முதுகைத்தான் காட்டினாள். அவர் போய்வருகிறேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள். ரயில் நிலையம் இல்லை, தலைமையாசிரியர் இல்லை. ஒரு குரலும் இல்லை. மலையிறங்குகிறவரிடம் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று மாசிலாமணிக்குப் புரியவில்லை.

இறங்கினார். பஸ்ஸை நெருங்கும்போது பின்னால் தடதடவென்று சத்தம்.

பூங்காவனம் ஓடிவந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. கையில் குழம்புக் கரண்டி, அதிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டே வந்தது. பஸ் உறுமியது. கண்டக்டர் படியில் நின்று, ஏறுறீங்களா இல்லையா என்று கையை ஆட்டினார்.

அவள் மூச்சு வாங்க அவர் முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். எந்தக் குரலை எடுப்பது என்று யோசிக்க நேரமில்லை.

“குதிரை திரும்பி வந்துச்சா, கரைஞ்சே போச்சா? சொல்லிட்டுப் போங்க அங்கிள்.”

சின்னக் குரல். துரு எல்லாம் போயிருந்தது.

கரண்டியை அப்படியே விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன பொத்தி என்ன.

மாசிலாமணி அவளைப் பார்த்தார். மேலே வீட்டைப் பார்த்தார். விறகு. தூக்குச்சட்டி. வாயோரத்துக் கடலை. ஒவ்வொன்றாக, மழையில் நனைந்த ஆட்கள் வரிசையாக வீட்டுக்குள் வருவதுபோல் வந்தன.

“இது யார் குரல் டீச்சர்?”

அவள் கையை வாயிலிருந்து எடுத்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

“என்னோடது.”

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

இதோ, பாயசம். மாசிலாமணி சிரித்தார். வளைவில் இருந்த டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. சிரித்துக்கொண்டே மைல்கல்லின் மேல் உட்கார்ந்து பைக்குள் கையை விட்டார்.

“நங்கைக்குத் தூரத்துல ஒரு வெள்ளை தெரிஞ்சுது,” என்று படித்தார்.

“உம்,” என்றாள் உம்.