முதல் மழையோடு குளத்துக்கு வந்த ஓடை

தண்ணீரும் வெயிலும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஊரில் ஒரு குளமும் அதற்கு மேட்டில் ஓர் ஓடையும் இருந்தன. ஊரே குளத்தைக் கொண்டாடியது. பூவாயி என்று ஒரு சின்னப் பெண். விடிந்ததும் ஓடிவந்து தொபீரென்று குதிப்பாள். ஆசை தீர நீந்திவிட்டு, "என் தங்கக் குளமே!" என்று கொஞ்சிவிட்டுப் போவாள்.

ஓடைக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? கோடை முழுக்க அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. சாணி, குப்பை, செத்த கோழி எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் அங்கேதான் கொட்டினார்கள். காலையில் ஒதுங்குவதும் அங்கேதான்.

"ஒரே ஒரு தடவை அவ என்கிட்ட குளிச்சா போதும். அந்தக் குளத்துல அப்படி என்னதான் இருக்கு?" என்று ஓடை புலம்பியது.

"அதுல இருக்கிற நோய்ப்பூச்சிய எல்லாம் நான் தினமும் சுட்டுக் கொல்றேன். அதான் அது சுத்தமா இருக்கு," என்றது வெயில்.

"பாத்தியா, நீயும் அதுக்குத்தான் பாடுபடுற!" ஓடைக்குப் பொறாமை இன்னும் கூடிப்போனது.

கோடை முடிந்து முதல் மழை வந்தது. மேகம் மூடியதில் வெயிலைக் காணோம்.

"மழையக்கா, என்னைக் குளத்துல சேத்துவிடு," என்று ஓடை கெஞ்சியது.

"இந்த அழுக்கோடயா? முதல் தண்ணி வயலுக்குப் போகட்டும், பயிருக்கு எருவாகும். நீ கழுவிக்கிட்டு அப்புறம் போ."

"அதுவரைக்கும் என்னால பொறுக்க முடியாது!"

ஓடை தன் கரையை முட்டி உடைத்தது. கோடைக் குப்பை அத்தனையையும் வாரிக்கொண்டு குளத்துக்குள் பாய்ந்தது.

மறுநாள் பூவாயி வழக்கம்போலக் குதித்தாள். ஓடைக்குத் தலைகால் புரியவில்லை. "என்கிட்ட குளிக்கிறா! என்கிட்ட!" என்று கூத்தாடியது. பூவாயியோ நீந்தும்போது ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கிவிட்டாள்.

சாயங்காலமே அவளுக்கு வாந்தியும் பேதியும். அவள் அம்மா குளக்கரைக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். "பாழாப்போன குளமே, எம்புள்ளைய என்ன பண்ணின?" என்று கதறினாள். திட்டெல்லாம் குளத்துக்கு.

கஞ்சித் தண்ணீரும் உப்பும் குடித்துப் பூவாயி பிழைத்தாள். மேகம் விலகியதும் வெயில் மறுபடி குளத்தில் வேலையை ஆரம்பித்தது. கலங்கல் அடங்கிக் குளம் தெளிந்த பிறகே அவள் அம்மா அவளைத் தண்ணீரில் இறங்க விட்டாள்.

அந்த வருஷம் தொடங்கித்தான், முதல் மழை பெய்தால் குளம் தெளிந்து நல்ல வெயில் காயும்வரை யாரும் அதில் குளிப்பதில்லை. ஓடை மட்டும் ஒவ்வொரு முதல் மழைக்கும் ஆசை ஆசையாக ஓடிவருகிறது. வந்து பார்த்தால் படித்துறையில் ஒருவரும் இருப்பதில்லை.