கல்லில் ஓடிய துளி

"எனக்குப் பிறந்தது பிள்ளையா, மரக்கட்டையா? நீங்களே சொல்லுங்கம்மா!"

மடத்துச் சமையற்கட்டு வாசலிலேயே வெடித்தார் திருமேனி. பத்து வருடமாக மடத்துத் தலைவி அம்மையாரின் சீடர். அவருக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள் மகள் அல்லி. பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

அம்மையார் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன குறை வெச்சேன் இவளுக்கு? ரெண்டு ட்யூஷன். சுவர் பூரா சூத்திரம் ஒட்டி வெச்சிருக்கேன். கணக்கு, அறிவியல்னு வாயைத் திறந்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா. இவளுக்கு ஆர்வம் வர நான் இன்னும் என்னதான் செய்யணும்?"

அம்மையார் கையை நனைத்துக் கல்லில் உதறினார். சொய்ங்கென்று துளிகள் மறைந்தன.

விறகைத் தள்ளினார். கல் நன்றாகக் காய்ந்ததும் மறுபடி உதறினார்.

இந்த முறை துளிகள் மறையவில்லை. முத்துப்போல் திரண்டு கல்லின் மேல் ஓடின.

அல்லி நிமிர்ந்தாள். "ஏன் இப்படி ஓடுது?"

"கேட்கவேண்டிய கேள்வியைக் கேளு!" என்று பாய்ந்தார் திருமேனி.

"எனக்குத் தெரியலையேம்மா," என்றார் அம்மையார்.

திருமேனிக்குச் சுருக்கென்றது. குருவுக்கே தெரியாதா? அதை இந்தச் சின்னப் பெண்ணிடம் ஒத்துக்கொள்வதா?

"மூணு பஸ் மாறி வந்து ஒரு கேள்வி கேட்டேன். நீங்க இவளோட விளையாடுறீங்க!"

அல்லி அடுப்பருகே போய்விட்டாள்.

"அப்பா, சூடு கம்மியா இருந்தப்ப சட்டுன்னு வத்திருச்சு. சூடு ஏறினதும் வத்தாம ஓடுது."

"உளறாதே! சூடு ஏற ஏறத் தண்ணி சீக்கிரம்தான் வத்தும்."

"எண்ணிப் பாருங்க." கரண்டியால் ஒரு துளி விட்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். இருபது. முப்பது. துளி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

விறகை வெளியே இழுத்து, கல் கொஞ்சம் ஆறியதும் இன்னொரு துளி விட்டாள். ஒன்று, இரண்டு. காணோம்.

"ஏமாத்து வேலை! இப்ப சின்னத் துளியா விட்டே. அதே அளவு விடு!"

விட்டாள். இரண்டு எண்ணுவதற்குள் அதுவும் போனது.

திருமேனி வேட்டியை மடித்துக்கொண்டு சாம்பலிலேயே குந்தினார்.

வெகு நேரம் கழித்து அம்மையார் சொன்னார்: "பஸ் வர்ற நேரம், திருமேனி."

"போகட்டும்!" அவர் நிமிரவே இல்லை. "ஏன்னு தெரியாம எப்படிம்மா போறது? அல்லி, விறகைத் தள்ளு!"