யமீனா வீட்டு வெயில்

அல்ஜீரியா நாட்டில், பாலைவனம் தொடங்கிவிட்ட பிறகு ஒரு பள்ளத்தாக்கு வரும். மஸாப் என்று பெயர். அங்கே ஒரு குன்று. உச்சியில் பள்ளிவாசல். அதைச் சுற்றி வீடுகள், தேன்கூடு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கீழே இறங்கும்.

எந்த வீடும் பக்கத்து வீட்டு வெயிலை மறைக்கக் கூடாது. முன்னோர் வைத்த சட்டம் அது. பணக்காரர் வீடானாலும் அதே உயரம்தான்.

அந்த ஊரில் மொட்டைமாடிகள் பெண்களுக்கு உரியவை. மாடிக்கு மாடி தாண்டியே ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விடுவாள். அப்படித்தான் ஒரு குளிர்காலக் காலையில் மசூதா, லல்லா சுலைகாவைத் தேடி வந்தாள்.

லல்லா என்றால் அங்கே மதிப்புக்குரிய அம்மா. ஊரில் இறந்துபோகும் பெண்களைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றுகிறவள் சுலைகாதான். பெண்களுக்கு ஓதிக்கொடுப்பதும் அவள்தான். மசூதா சின்ன வயதிலிருந்து அவளிடம் பாடம் கேட்டவள். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

"லல்லா, என் மகன் ஹம்மு வருகிறேன் என்கிறான். பெண்டாட்டி பிள்ளைகளோடு."

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல செய்திதானே, முகம் ஏன் இப்படி இருக்கிறது?"

"மாடியில் ஒரு அறை கட்டினால்தான் வருவானாம். இல்லையென்றால் தலைநகரத்திலேயே இருந்துவிடுவானாம்."

"கட்டினால் உன் பக்கத்து வீட்டு யமீனாவுக்கு வெயில் போய்விடுமே."

"அவளிடமே கேட்டுவிட்டேன் லல்லா. 'பிள்ளை வரட்டும், நீ கட்டிக்கொள்' என்று அவளே சொல்லிவிட்டாள். உரியவளே மனதாரக் கொடுத்த பிறகு சட்டம் எதற்கு?"

லல்லா எழுந்தாள்.

"உன் வீட்டில் பெரிய கம்பளம் இருக்கிறதா?"

"என் கல்யாணக் கம்பளம் இருக்கிறது."

"எடு."

இரண்டு பேருமாக மசூதாவின் மாடியில் கழிகளை நட்டுக் கயிறு கட்டினார்கள். அறை எழும்பவேண்டிய உயரத்தில் கம்பளத்தைத் தொங்கவிட்டார்கள். பிறகு யமீனாவின் மாடிக்குத் தாண்டி, படியிறங்கி உள்ளே போனார்கள்.

தறியில் உட்கார்ந்திருந்த யமீனா நிமிர்ந்து பார்த்துப் பதறினாள்.

"லல்லா! இந்த வீட்டில் மய்யித்து எதுவும் இல்லையே! எனக்கு இன்னும் மூச்சு இருக்கிறது, பாருங்கள்."

"நிதானமாகப் போ, எனக்கு அவசரமில்லை. டீ இருந்தால் கொடு."

மூவரும் உட்கார்ந்து புதினா டீ குடித்தார்கள். அங்கே வீடுகளுக்குத் தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. மாடித் தளத்தின் நடுவில் ஒரு திறப்பு இருக்கும். வெளிச்சமும் சூடும் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் இறங்கவேண்டும்.

அன்றைக்கு இறங்கவில்லை.

யமீனா அண்ணாந்து பார்த்தாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நூலைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு விரலால் தடவித் தடவி நெய்ய ஆரம்பித்தாள்.

"குளிருகிறதா யமீனா?" என்று கேட்டாள் மசூதா.

"அதெல்லாம் பழகிவிடும். ஹம்மு எப்போது வருகிறான்?"

மசூதா டீக்குவளையைக் கீழே வைத்தாள்.

"மேலே போய்க் கம்பளத்தை எடு," என்றாள் லல்லா.

மசூதா ஏறிப்போனாள். முடிச்சை அவிழ்த்தாள். கம்பளம் காலடியில் விழுந்தது.

வெயில் அவள் தோளைத் தாண்டிப் போயிற்று. யமீனாவின் தளத்தில் நடந்து, திறப்பின் விளிம்பில் ஒரு கணம் நின்று, சாய்ந்து உள்ளே இறங்கியது. கீழே, தறியில் இருந்த வெள்ளைக் கம்பளி பளீரென்று பற்றிக்கொண்டதுபோல இருந்தது. "பிஸ்மில்லாஹ்," என்று யமீனாவின் குரல் கேட்டது.

மசூதா தலையைத் தூக்கினாள். அவளுக்குக் கீழே குன்றின் சரிவு முழுக்க மாடிகள். ஒவ்வொரு மாடியின் நடுவிலும் ஒரு திறப்பு. ஒவ்வொன்றிலும் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. விதவை வீட்டில், வியாபாரி வீட்டில், பிள்ளை பெற்றவள் வீட்டில். ஒரு வீடுகூட விடுபடவில்லை.

பிறந்த நாளிலிருந்து அவள் இருக்கும் ஊர்தான். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. "சுப்ஹானல்லாஹ்," என்றாள்.

லல்லா மெல்லப் படியேறி வந்து பக்கத்தில் நின்றாள்.

"லல்லா, ஹம்மு வராமலே இருந்துவிட்டால்?"

"இருந்துவிடலாம். துஆ செய்வோம்."

மசூதாவின் கண் நிறைந்தது. "யமீனா கொடுத்துவிட்டாளே, லல்லா. அவளுடைய வெயில்தானே?"

"உன் அம்மாவை நான்தான் குளிப்பாட்டினேன். யமீனாவின் மாமியாரையும், அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் இருந்தவளையும். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தண்ணீர் ஊற்றினேன். ஒருத்தி கையிலும் இந்த வெயில் இல்லை, மசூதா. எல்லோரும் அடுத்து வருகிறவளுக்கு இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்."

மசூதா குனிந்து கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினாள்.