புற்றுவீட்டில் போட்ட பங்கு

பனங்காட்டை ஒட்டிய வயலில் செம்பாயி என்றொரு எலி இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வளை நிறையக் குட்டிகள். அறுவடையில் பொறுக்கிய நெற்கதிர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஐப்பசி மழைக்குக் குட்டிகளுக்கு அதுதான் சோறு. அதை விட்டால் வேறு நாதியில்லை.

சும்மா இருந்தாளா? அதுதான் இல்லை!

"கதிர் சும்மா கிடந்தா பூசணம்தான் பிடிக்கும். வீடு கட்டுறவங்ககிட்ட பங்கு போடுக்கா! ஒண்ணுக்கு ரெண்டாத் திரும்பி வரும்!" என்று ஓணான் ஓதிவிட்டான். அவன் தரகன். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவான். அந்தத் தலையாட்டலை நம்பித் தெருவுக்கு வந்தவர்கள் அந்தக் காட்டில் ஏராளம்.

காட்டில் வீடு கட்டுகிறவர்கள் இரண்டே பேர். கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவி. அதற்கப்பால் கள்ளிமேட்டில் கறையான் மேஸ்திரி. இருவரையும் நேரில் பார்த்து, யார் தேறுவார் என்று ஒப்பிட்டுவிட்டுத்தான் கதிரைத் தொடுவது என்று செம்பாயி முடிவு செய்தாள். அதுவரைக்கும் புத்திசாலிதான்.

முதலில் குருவியிடம் போனாள். பனையோலையில் பாதிக்கூடுகள் தொங்கின.

"என்னண்ணே, எல்லாம் அரைகுறையா நிக்குது?"

"எங்க தொழிலே அப்படித்தான் தங்கச்சி! பாதிதான் கட்டுவேன். பேடு வந்து உட்கார்ந்து, ஆட்டிப் பார்ப்பா. பிடிச்சாத்தான் மீதி. பிடிக்கலேன்னா அப்படியே தொங்க வேண்டியதுதான்."

"அப்ப அதுக்குப் போட்ட என் கதிர்?"

"அது போச்சு!"

"நல்ல தொழில் போ!" என்று செம்பாயி சிரித்தாள். கட்டி முடித்த கூடுகளில் குஞ்சுகள் கத்திய கத்தல் காதைக் கிழித்தது. காதைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினாள்.

கள்ளிமேடு வேறு மாதிரி இருந்தது. உச்சிவேளை. ஒரு காக்கை கத்தவில்லை. ஆளுயரப் புற்றுகள் வரிசையாக நின்றன. ஒரு வாசலில் எட்டிப் பார்த்தாள். உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஏதோ முகத்தில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

"யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கே?"

"நல்ல காற்றோட்டம்கா!" கூடவே வந்திருந்த ஓணான் தலையாட்டினான்.

வாசலுக்கு வாசல் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. கொட்டாங்கச்சியில் பால். பக்கத்திலேயே முட்டை.

"இதெல்லாம் என்னடா?"

"கிரகப்பிரவேசம்கா! பால் வச்சுக் குடிபோயிட்டாங்க! மனுஷங்களே கொண்டாந்து கும்பிட்டுட்டுப் போறாங்கன்னா, குடிவந்தவங்க எப்பேர்ப்பட்டவங்களா இருக்கணும்!"

மேஸ்திரியும் மண்ணைப் பிசைந்தபடியே சொன்னார்: "ஒரு வீடுகூட மிச்சமில்லம்மா. எல்லாம் போயிருச்சு!"

"யாரு வாங்கினது?"

"எங்களுக்கு ஏதும்மா கண்ணு? கட்டுவோம். முடிஞ்சதும் குடிவந்துடுவாங்க. நாங்க ஒதுங்கிடுவோம்."

"சத்தமே கேக்கலையே?"

"அதுவா? ரொம்ப அமைதியான குடித்தனம்!"

செம்பாயிக்கு மனசு குளிர்ந்துபோனது. அங்கே அரைகுறை, இரைச்சல். இங்கே முழுவீடு, அமைதி, பால், மஞ்சள். இதற்குமேல் என்ன ஒப்பிட இருக்கிறது? ஒரு கதிர் மிச்சமில்லாமல் சுமந்துவந்து கறையானிடம் கொட்டினாள், அடிப்பாவி!

"தங்கச்சி, குடியிருக்கிறவங்க முகத்தைப் பார்த்தியா?" பனையிலிருந்து குருவி கத்தியது.

"உனக்குப் பொறாமை!" என்றாள் இவள்.

பங்கு வாங்கும் நாள் வந்தது. வானம் இருட்டிக்கொண்டு நின்றது. குட்டிகளையும் கூட்டிக்கொண்டு கள்ளிமேட்டுக்குப் போனாள்.

"வீட்டுக்காரர்கிட்டயே வாங்கிக்கம்மா," என்றார் மேஸ்திரி. "எல்லா வீடும் ஒருத்தருக்குத்தானாம். எனக்கே நேத்துதான் தெரியும். ரொம்ப நீளமானவராம்."

"எப்படி இருந்தா என்ன, கொடுக்கிறவரா இருந்தாச் சரி!" குட்டிகளை வெளியே நிறுத்திவிட்டு வாசலுக்குள் நுழைந்தாள்.

உள்ளே ஒரே இருட்டு. "வாம்மா செம்பாயி!" என்றது ஒரு குரல்.

"என் பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஓணான் சொன்னான். குட்டிகளும் வந்திருக்காங்களாமே. ரொம்பச் சந்தோஷம்."

"ஐயா, என் பங்கு…"

"பத்திரமா இருக்கு. எனக்குக் காது மந்தம். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து சொல்லு."

வெளியே நின்ற குட்டிகள் காத்திருந்தன. அம்மாவின் குரல் கேட்கவில்லை. வெகுநேரம் எதுவுமே கேட்கவில்லை. பிறகு அந்தக் குரல் மட்டும் வந்தது.

"கண்ணுகளா, நீங்களும் உள்ளே வாங்க!"

"அம்மா எங்கே?" என்றாள் மூத்தவள்.

"என்கூடத்தான் இருக்கா."

"அம்மாவைப் பேசச் சொல்லுங்க!"

மண்ணுக்குள் ஏதோ சரசரவென்று ஊர்ந்தது. அவர்களுக்குப் பின்னாலிருந்த வாசலிலிருந்து அதே குரல் மெதுவாகச் சொன்னது:

"அம்மா தூங்குறா."

குட்டிகள் அலறிக்கொண்டு ஓடின. கள்ளிமுள் குத்தியதுகூடத் தெரியாமல் ஓடின. வளைக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அடுப்படியில் ஒரு நெல்மணி இல்லை. கதவடைக்க அம்மாவும் இல்லை. மூத்தவள் தம்பி தங்கைகளை அணைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வீடு விற்றுப்போயிற்றா என்று மட்டும் கேட்டு முதல் போடாதே. வாங்கியது யார் என்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போடு.