கழுத்தறுத்தான் குஞ்சுகள்

ஓடைக்கரை மடத்தில் ஆவுடையம்மை என்று ஒருத்தி இருந்தாள். வயசு நாற்பதுக்குள்தான். சொந்தபந்தம் கைவிட்ட படுக்கை நோயாளிகள் ஏழெட்டுப் பேரை வைத்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மாசானம் அவளுடைய சீடர். அறுபது தாண்டிய மனுஷன், தன்னைவிட இருபது வயசு இளையவளைத் தாயி என்று கூப்பிட்டு, ஏழு வருஷமாக வெள்ளிதோறும் வந்து முற்றம் பெருக்கி, நோயாளிகளுக்குக் கால் பிடித்துவிட்டுப் போவார். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று அந்த வாயிலிருந்து வந்து இதுவரை யாரும் கேட்டதில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெயில் ஏறிவிட்டது. விளக்குமாற்றைத் தொடாமல் நேரே வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆவுடையம்மையின் முன்னால் உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கணும் தாயி.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“முப்பிடாதி பெத்திருக்கது எம் மவன் பிள்ளைதானா?”

முப்பிடாதி அவருடைய மருமகள். மகன் பலவேசம், ஒரே பிள்ளை, கல்யாணமான நாலாம் மாசம் பம்புசெட்டில் கரண்ட் அடித்துச் செத்துப்போனான். அவன் போன பிறகுதான் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. அதைக் கேட்டு மாசானம் அழுத அழுகை இருக்கிறதே, தெருவே கூடிவிட்டது. என் பிள்ளை திரும்பி வாரான் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை. குழந்தை பிறந்து பதினோரு நாள்தான் ஆகிறது.

“ஏன் இப்படிக் கேக்கிய?”

“நாள் கணக்கு இடிக்குது. பலவேசம் போன நாள்லேர்ந்து எண்ணினா இருநூத்தி எண்பத்தி மூணு. மூணு நாள் கூட வருது.”

“மருத்துவச்சி என்ன சொன்னா?”

“தலைச்சன் தள்ளிப்போகும்னா. அவ எல்லாருக்கும் நல்லதே சொல்லுதவ.”

“முப்பிடாதி?”

“அவ என்ன சொல்லுவா? உங்க பேரன்தான் மாமான்னு கால்ல விழுந்தா.”

“எப்ப எண்ணினிய?”

மாசானம் கொஞ்சம் தயங்கினார். “அஞ்சு நாளைக்கு முன்ன. கோழி பொரிச்ச அன்னைக்கு.”

கோழிக்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்களும் நானும் கேட்போம். அவள் கேட்கவில்லை. அவரே கொட்டினார்.

அவர் வீட்டுப் பின்வாசலில் எட்டுச் சிறுவிடைக் கோழிகள். குட்டை உடம்பு, ஆனால் அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பதில் கெட்டி. அவற்றோடு சுற்றியது ஒரு கழுத்தறுத்தான் சேவல். கழுத்தில் ஒரு இறகுகூட முளைக்காத இனம் அது, பிறக்கும்போதே மொட்டைக் கழுத்தோடுதான் பிறக்கும். அதை ஒழித்துவிட்டுப் பெருவிடைச் சேவல் ஒன்றைச் சேர்த்தால், தாயின் பொறுப்பும் தகப்பனின் உடம்புமாகக் கலப்புக் குஞ்சு கிடைக்கும் என்பது அவர் திட்டம். கழுத்தறுத்தானை அறுத்துக் குழம்பு வைத்தார். ரெண்டு நாள் கழித்துச் சந்தைக்குப் போய், தொடை தொடையாகப் பெருவிடை ஒன்றைப் பிடித்துவந்து விட்டார். பொறுமை ஏது? நாலாம் நாளிலிருந்து முட்டை எடுத்துச் சேர்த்து அடையில் வைத்துவிட்டார்.

“பதினோரு குஞ்சு தாயி. அஞ்சுதான் பெருவிடை மாதிரி. மிச்சம் ஆறும் மொட்டைக் கழுத்து! செத்த சேவல் எந்திரிச்சா வரும்? எங்க தெருவுல வேற கழுத்தறுத்தானே கிடையாது. எந்த வேலியைத் தாண்டிப் போச்சுதுகளோ, சனியனுங்க. தின்னதெல்லாம் எங்க வீட்டுத் தவிடு.”

“என்ன செஞ்சிய?”

“ஆறையும் வாளித் தண்ணியில அமுக்கினேன். இருந்த கோழி அத்தனையும் கறிக்கடைக்குப் போயிட்டு. அடைக்கோழியைக்கூட விடல.”

“அப்புறம்?”

“கையைக் கழுவிட்டு நிமிந்தேன். வாசப்படியில அவ பிள்ளையோட நிக்கா. அப்பதான் எண்ணினேன். ரெண்டு நாள் எண்ணிக்கிட்டே கிடந்தேன். அதுக்கு மறுநாள் அவ பெட்டியத் தூக்கி வெளிய வச்சிட்டேன்.”

“அவளுக்கு யாரு இருக்கா?”

“யாருமில்ல.” குரல் இறங்கிவிட்டது. “மூணு நாளாச் சோறு இறங்கல தாயி. ஒத்த வார்த்தை சொல்லுங்க. இல்லைன்னா தலைமுழுகிருவேன். ஆமான்னா ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்திருவேன். எம் மவனுக்கு அடையாளம்னு இந்த உலகத்துல அது ஒண்ணுதான்.”

ஆவுடையம்மை கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அடுப்படிக்குப் பின்னால், மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து ஒரு கோழியை அடைத்து வைத்திருந்தாள். அங்கே கூட்டிப்போனாள்.

“இது யாரு கோழி?”

இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தார். “நான் கொண்டாந்து விட்டதுல்லா. நோயாளிகளுக்கு முட்டைக்கு ஆகும்னு.”

“என்னைக்கு?”

“கழுத்தறுத்தானை அறுத்த மறுநாள்.”

“பெருவிடை இதைப் பாத்திருக்கா?”

“எங்க பாக்க? அது வாரதுக்கு முந்தியே இது இங்க வந்துட்டே.”

“இந்த மடத்துல சேவல் உண்டா?”

“கிடையாது.”

“வாசக்கதவு?”

“நாய்க்குப் பயந்து எப்பவும் சாத்தித்தான் கிடக்கும்.”

“வைக்கோலுக்குள்ள ஒளிச்சு ஒளிச்சு ஒன்பது முட்டை இட்டிருக்கு. நான் பாக்கும்போது அடையில உக்காந்துட்டு. தூக்குங்க பஞ்சாரத்தை.”

தூக்கினார். கோழி சீறிக்கொண்டு இறகை விரித்தது. அதன் காலடியிலிருந்து ஒவ்வொன்றாகக் குஞ்சுகள் வெளியே வந்தன. ஆறு. ஆறுக்கும் மொட்டைக் கழுத்து. ஓரத்தில் மூன்று முட்டை பொரிக்காமல் கிடந்தன.

“கடைசியா இட்டதா இருக்கும், மூணு கூமுட்டை. முன்ன இட்ட ஆறும் இது,” என்றாள் ஆவுடையம்மை. “இது எந்த வேலியைத் தாண்டிச்சு அண்ணாச்சி?”

மாசானம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெருவிடையை வாங்கி வந்த அன்றைக்கு, நிறைவயிற்றோடு நின்று முப்பிடாதி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சேவல் மாத்தினா ஒரு மாசத்து முட்டையை அவிச்சுத் தின்னுருங்க மாமா, பழைய சேவல் வித்து கோழி வயித்துக்குள்ளேயே இருக்கும். அதற்கு அவர், கோழி வளக்க நீ எனக்குச் சொல்லித் தாரியாக்கும் என்று சிரித்திருந்தார். குஞ்சுகளை அமுக்கிப் பிடித்த கையைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

“பாவி. படுபாவி நான்.” எழுந்தார், வேட்டியை இறுக்கிக் கட்டினார். “எங்க கிடக்காளோ, என்ன தின்னாளோ. பச்சை உடம்புக்காரி. நான் போறேன் தாயி. ஊர் ஊராத் தேடியாவது கூட்டியாந்து...”

“மூணு நாளும் இங்கதான் இருந்தா.”

அவ்வளவுதான், மனுஷன் உள்ளே ஓடினார். “ஏட்டி முப்பிடாதி! முப்பிடாதி! ஐயா, எங்க ராசா!” என்று அறை அறையாகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். படுத்துக்கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கடைசி அறையில் ஒரு பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது.

“எங்க தாயி?”

“காலையில முத பஸ்ஸுக்குப் போயிட்டா.”

“இந்தக் குஞ்சுகளைப் பாத்தாளா?”

“நேத்து மத்தியானம் பொரிச்சது. முதல்ல பாத்ததே அவதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு, அவரு வந்து பாத்தா நம்பிருவாருன்னு நானும் சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னா?”

“கோழி சொல்லித்தான் நம்புவாருன்னா வேண்டாம்னுட்டா.”

மாசானத்துக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை. அவள் காலடியில் விழுந்துவிட்டார்.

“எந்த ஊருக்குப் போறேன்னு சொன்னா? அதை மட்டும் சொல்லுங்க தாயி.”

ஆவுடையம்மை குனிந்து அவரைத் தூக்கி நிறுத்தினாள்.

“நான் கேக்கல அண்ணாச்சி. கேட்டிருந்தா, இப்ப உங்ககிட்ட சொல்லவேண்டி வந்திருக்கும்.”