ஓர் இளைஞரைக் கூட்டி வாருங்கள்

“மேடம், இதுல என்ன குறைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மாத்திடறேன்.”

தணிகாசலத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. இன்சூரன்ஸ் வேலையை உதறிவிட்டு வடிவமைப்பு படிக்க வந்தவர். வகுப்பில் எல்லோருக்கும் அவர் அங்கிள். பாடம் நடத்தும் பெனிட்டாவுக்கு அவருடைய மகள் வயது. இருவரும் ஒருவரையொருவர் மேடம், சார் என்றே அழைத்துக்கொண்டார்கள்.

மேசைமேல் அவருடைய இறுதி வருட வேலை கிடந்தது. ஓர் இசை இதழ். பெயர் ‘துள்ளல்’. அட்டையில் வானவில்லின் அத்தனை நிறமும் இருந்தது. சாய்ந்த எழுத்து. தலைப்புக்குத் தலைப்பு ‘மச்சி’. எல்லாவற்றுக்கும் கீழே பட்டையாக ஒரு வரி: இளைஞர்களுக்கான இசை இதழ்.

நேற்று ஒரு பிரதியை கேன்டீனில் வைத்துவிட்டு வந்தார். மாலையில் எடுக்கப் போனால் அட்டையெல்லாம் டீ கிளாஸ் வைத்த கறை. ஒருவரும் பிரித்திருக்கவில்லை.

இன்று மாலை வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் வேண்டாம் என்றுவிட்டால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும்.

பெனிட்டா அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டார்.

“இளைஞர்னு போட்டிருக்கீங்களே, அதுல ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க சார்.”

“அவ்வளவுதானே மேடம்? காலேஜ் முழுக்க அவங்கதானே.”

விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

வேப்பமரத்தடியில் ஒருவன் கிடாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, நீ இளைஞர்தானே?”

அவன் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

“என்னையா அங்கிள்? நான் செகண்ட் இயர்.”

படிக்கட்டில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடமும் கேட்டார்.

“இளைஞர்னா பசங்க அங்கிள். அப்ப நாங்க யாரு, இளைஞியா?”

“இளைஞின்னு யாராவது கூப்பிட்டா டிசி வாங்கிட்டு ஊருக்கே போயிடுவேன்.”

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நகர்ந்துவிட்டார்.

நூலகத்தில் ஒருவன் பதறினான். “ரத்ததானமா அங்கிள்? நான் போன வாரந்தான் கொடுத்தேன்.”

தேடிக்கொண்டே வாசல்வரை வந்துவிட்டார். எதிர்ச் சுவரில் ஓர் இளைஞர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். ஆளுயரப் போஸ்டர். மை அடித்த மீசை. இளைஞரணிச் செயலாளர் ஆனதற்கு வாழ்த்து.

தணிகாசலம் கிட்டப் போய்ப் பார்த்தார். தெரிந்த முகம்தான்.

போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

“கிடைச்சாரா சார்?”

“ஒரே ஒருத்தர் கிடைச்சார் மேடம்.” போனை நீட்டினார்.

“என்ன வயசு இருக்கும்?”

“எங்க அண்ணன்கூடப் படிச்சவர்.”

பெனிட்டா சிரிக்கவில்லை. இதழை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“அப்ப இதை அவருக்கே கொடுத்துடுங்க.”

தணிகாசலம் படிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார். இத்தனை மச்சியையும் யாருக்காகப் போட்டோம்? இந்தச் சொல் தன் வாயில் ஒருநாளாவது வந்ததுண்டா? இன்சூரன்ஸில் ஆளைப் பார்த்ததும் முதலில் வயதைக் கேட்டே பழகிய வாய் இது.

மூவரில் ஒருத்தி, தமீனா, இன்னும் அங்கேயே இருந்தாள். காதில் இயர்போன் ஒயர். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை அவர் வேறு கேள்வி கேட்டார்.

“என்னம்மா கேக்குற?”

அவள் ஒரு காதிலிருந்து கழற்றி நீட்டினாள். அவர் எட்டி வாங்கப் பார்த்தார்.

“ஒயர் பத்தாது அங்கிள். கிட்ட வந்து உக்காருங்க.”

உட்கார்ந்தார். யாரோ பாடினார்கள். பாட்டு நின்றது. நின்ற இடத்திலிருந்து ஒற்றை வயலின் மெல்ல எழுந்து வந்தது.

“இதான்! இந்த இடம்!” என்று அவர் கையில் தட்டினாள்.

வயலின் முடிந்தது.

“திருப்பிப் போடு.”

“புடிச்சிருக்கா அங்கிள்?”

“பேசாம போடும்மா.”

தேர்வாளர் வந்தபோது ‘துள்ளல்’ பாதியாக இளைத்திருந்தது. மச்சிகள் போய்விட்டார்கள். நிறங்களில் ஒன்றுதான் மிஞ்சியது. அட்டையில் ஓர் ஒயர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடியது. அதன் கீழே இரண்டே சொற்கள்: இந்த இடம்! உள்ளே தமீனாவுக்குப் பிடித்த இடம் ஒரு பக்கம், கிடார்க்காரனுக்குப் பிடித்த இடம் ஒரு பக்கம், தணிகாசலத்துக்குப் பிடித்ததும் ஒரு பக்கம்.

தேர்வாளர் முன்னட்டையைப் பார்த்தார். பின்னட்டையையும் திருப்பிப் பார்த்தார்.

“எந்த வயசுக்காரங்களுக்கான இதழ்னு எங்கயுமே போடலையே?”

பெனிட்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் தமீனாவிடம் இரவல் வாங்கி வந்த ஒயரைத் தன் போனில் சொருகினார். பாட்டையும் அவள் அனுப்பிவைத்திருந்தாள். ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு மற்றதைத் தேர்வாளரிடம் நீட்டினார்.

“ஒயர் பத்தாது சார். கொஞ்சம் கிட்ட வாங்க.”

தேர்வாளர் தயங்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வயலின் முடிந்ததும் அவர் தணிகாசலத்தின் கையில் லேசாகத் தட்டினார்.

“திருப்பிப் போடுங்க.”