விலாவில் ஓடும் கோடு

சட்டைநாதன் தவில் வாசித்தால், பந்தியில் உட்கார்ந்தவர்கள் சாம்பார் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து கேட்பார்கள் என்று தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததே இல்லை.

ஐம்பதை நெருங்கும்போது அவருக்குக் காது போக ஆரம்பித்தது. முதலில் வீட்டில் எல்லோரும் முணுமுணுப்பதாக நினைத்துக் கோபித்துக்கொண்டார். பிறகு குயில் சத்தம் போயிற்று. பிறகு நாகஸ்வரத்தின் மேல் ஸ்தாயி. வாழ்நாள் முழுக்கத் தவிலோடு இருந்த காது இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். காதில் மாட்டும் கருவி ஒன்று கொடுத்தார்.

கருவியை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்தில் வாசித்தார். குளவிக் கூட்டுக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. மைத்துனர் ஐயாறப்பனின் நாகஸ்வரம் ஒரு பக்கம் போயிற்று, இவருடைய தவில் இன்னொரு பக்கம் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கருவியைக் கழற்றி வைத்தார். தவிலுக்கு உறை போட்டார். அப்போதுதான் யாரோ அஞ்சுகத்தைப் பற்றிச் சொன்னார்கள்.

அஞ்சுகம் அவரைவிட வயதில் மிகவும் இளையவள். கல்லூரியில் மீன்களைப் பற்றிப் பாடம் நடத்தியவள். வேலையை விட்டுவிட்டு, காவிரிக் கரையில் ஒரு குளம் வெட்டி, அங்கேயே இருந்தாள். அவளிடம் கேட்பதற்கென்று யார் யாரோ வந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு மீனைப் பற்றிய கேள்வியே இல்லை.

சட்டைநாதன் உறை போட்ட தவிலோடு போய் நின்றார். குனியவில்லை.

"நான் சட்டைநாதன்."

"தெரியும்."

அவள் நேராக நின்று பேசினாள். உதட்டைப் பார்த்தால் அவருக்குப் புரிந்தது. புரியாதபோது ஈர மணலில் எழுதிக் காட்டினாள்.

"காது போயிடுச்சும்மா. இனி என்கிட்ட என்ன மிச்சம்?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கச் சொன்னாள். தானும் இறங்கி, காலால் சேற்றைக் கிளறினாள். தண்ணீர் பழுப்பாகிவிட்டது.

"ஒரு மீனைப் பிடிங்க."

அவர் கையை விட்டுத் துழாவினார். மீன்கள் காலை உரசிக்கொண்டு போயின. ஒன்றுகூட விரலில் சிக்கவில்லை. வெயில் ஏறியது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் பாய்ந்தார். சேறுதான் வந்தது.

"கலங்கல்ல அதுக்குக் கண்ணு தெரியாதே? என் கை வர்றது எப்படித் தெரியுது?"

அவள் கைவலையால் ஒரு கெண்டையை எடுத்து, நனைந்த உள்ளங்கையில் கிடத்தினாள். செவுளில் தொடங்கி வால்வரை, விலாவில் ஒரு மெல்லிய கோடு ஓடியது.

"கோடு இல்லை, வரிசையாத் துளை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத மயிர் இருக்கு. தண்ணி அசைஞ்சா மயிர் சாயும். உங்க கை பக்கத்துல வர்றதுக்கு முன்னாடியே அது தள்ளின தண்ணி வந்துடும்."

"அப்போ அது காதா?"

"காதுக்குச் சொந்தம். உங்க காதுக்குள்ள பட்டுப்போச்சே, அந்த மயிரும் இதுவும் ஒரே குலம்."

"மீனுக்குப் பட்டுப்போனா?"

"திரும்ப முளைக்கும்."

"எனக்கு?"

"முளைக்காது."

அவள் கெண்டையைத் தண்ணீரில் விட்டாள். டாக்டர், மனைவி, மைத்துனர் எல்லோரும் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். இவள் சொல்லவில்லை. சட்டைநாதன் அன்று ஊருக்குத் திரும்பவில்லை.

குளக்கரையில் தங்கி, அவள் சொன்ன வேலையைச் செய்தார். தீவனம் போட்டார், பாசி அள்ளினார். அவள் மற்றவர்களுக்குச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தார். கெளுத்தி மீசையால் மட்டுமல்ல, உடம்புத் தோலாலும் ருசி பார்க்கும் என்றாள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் மீனின் உடம்பிலும் இம்மியளவு மின்சாரம் உண்டு, சுறா அதைக்கூட உணர்ந்துவிடும் என்றாள். தானே மின்சாரத்தை உண்டாக்கி, அது எங்கே தடுக்கிறது என்று பார்த்து இருட்டில் வழி கண்டுபிடிக்கும் மீன்களும் உண்டாம்.

"இதெல்லாம் வேணும்னு அதுங்க வளர்த்துக்கிட்டதா?" என்று கேட்டார் ஒருநாள்.

அவள் ஒரு வலையை எடுத்து அவரிடம் ஒரு முனையைக் கொடுத்தாள். இருவரும் கலங்கிய குளத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இழுத்தார்கள். வலையில் நிறைய மீன் துள்ளியது.

"இதையெல்லாம் சமைச்சுட்டோம்னு வைங்க. அடுத்த வருஷம் குளத்துல யாரோட பிள்ளைங்க இருக்கும்?"

"வலைக்குச் சிக்காம போனதோட பிள்ளைங்க."

"அந்தப் பிள்ளைங்க மேலயும் வலை போட்டா?"

அவர் யோசித்தார். வலை, அதற்குப் பின் வலை, அதற்குப் பின்னும் வலை. கரை தெரியாத காலம்.

அவள் வலையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் ஐயாறப்பன் அவரைப் பார்க்க வந்தார். மழை விட்டிருந்தது. ஈரத்தில் தோல் தளர்ந்துவிடக் கூடாதென்று சட்டைநாதன் உறையைக் கழற்றி, தவிலை வெயிலில் வைத்திருந்தார். ஐயாறப்பன் சும்மா உட்கார முடியாமல் நாகஸ்வரத்தை எடுத்து ஊதினார். சட்டைநாதனுக்கு அது கன்னம் உப்புவதாக மட்டும் தெரிந்தது. தோல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தவிலின் வலது முகமான வலந்தலையில் உள்ளங்கையை வைத்தார்.

தோல் நடுங்கியது.

கையை எடுத்தார். மறுபடி வைத்தார். ஐயாறப்பன் மூச்சு விடும்போது நடுக்கம் நின்றது. ஊதும்போது வந்தது. ஸ்வரம் கீழே இறங்கினால் உள்ளங்கையின் அடியில் கனமாக வந்தது. மேலே ஏறினால் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது.

"நிறுத்தாதே! ஊது!" என்று கத்தினார்.

அஞ்சுகம் தீவனக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். பார்த்தாள். தீவனம் போடப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஐயாறப்பன் தினமும் வந்தார். சட்டைநாதன் வாசிக்கவில்லை. தோலில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பல நாள் வெறும் நடுக்கம்தான். இரண்டு முறை தவிலுக்கு உறை போட்டுவிட்டுப் படுத்தார். இரண்டு முறையும் விடிந்ததும் கழற்றினார். தை பிறந்தபோது எந்த ராகம் என்று சொல்ல முடியவில்லை, ஆனால் தாளம் எங்கே விழுகிறது, மூச்சு எங்கே முடிகிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்று சொல்ல முடிந்தது. தவில்காரர்கள் போடும் கூட்டை விரல்களில் மாட்டி வாசிக்க ஆரம்பித்தார். வாசிப்புக்கு நடுவே கை தோலில் படும் ஒவ்வொரு கணமும் அவருக்குக் கேட்டது.

பங்குனியில் ஊர்த் தேர். ஜனங்கள் பயத்தோடுதான் வந்து நின்றார்கள். மேல வீதி திரும்பும் இடத்தில் ஐயாறப்பன் சொல்லாமல் கொள்ளாமல் தாள நடையை மாற்றினார். சட்டைநாதனின் கை நின்றது. வீதியே மூச்சைப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கை தோலில் படிந்து கிடந்தது. பிறகு சரியான இடத்தில் தவில் இறங்கியது, சாலைக் கல் அதிர. ஐயாறப்பன் போன இடத்துக்கெல்லாம் போயிற்று. சில இடங்களில் அவருக்கு முன்பே போய்க் காத்திருந்தது.

முடித்தபோது கையைத் தோலில் வைத்தார். தவில் தானாக அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தார். வீதி முழுக்க வாய்கள் திறந்திருந்தன. ஜனங்கள் ஆர்ப்பரிப்பதை அவர் கையால் வாங்கிக்கொண்டார்.

தேர் நிலைக்கு வந்ததும் ஐயாறப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் அம்பாள் கருணை அத்தான். இனிமேலாவது அந்தக் கர்வத்தை விட்டுடுங்க."

அது சட்டைநாதனை உறுத்தியது. மறுநாளே குளத்துக்குப் போனார்.

"வாசிச்சேன்மா."

"கேட்டேன். கூட்டத்துல நின்னேன்."

"நானும் ஒரு மீன் ஆயிட்டேன்."

"இல்லை" என்றாள் அஞ்சுகம். "மீன்ல உணராதது செத்துது, கொஞ்சம் உணர்ந்தது மிஞ்சிச்சு. அந்தக் கோடு வர்றதுக்கு எத்தனையோ யுகம் ஆச்சு. ஒரு மீனும் உட்கார்ந்து பழகலை. நீங்க பழகினீங்க."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெண்டைகள் ஒரே சமயத்தில் திரும்பின.

"அப்போ நான் கர்வப்படலாமா?"

"மீனால முடியாது. தன்கிட்ட என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது" என்றாள் அவள். "உங்களுக்குத் தெரியுமே. தாராளமாக் கர்வப்படுங்க."